வெள்ளைத் திட்டு தெரிந்த பிறகு என்ன? செட்டிநாட்டு ஊர்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை நடத்த முழுமையான வழிகாட்டி

பந்தல், ஃப்ளெக்ஸ், குத்துவிளக்கு, மறுநாள் பேப்பரில் "180 பெண்கள் பயனடைந்தனர்". கருப்பைவாய்ப் புற்றுநோய் முகாம் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. அந்த 180 பேரில் "சந்தேகம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்த பதினெட்டுப் பேர் ஆறு மாதம் கழித்து எங்கே என்று கேட்டால் பதில் வராது. சீட்டு அடுக்களை டப்பாவில் மஞ்சள்தூளுக்குப் பக்கத்தில் இருக்கும். பரிசோதனை மட்டும் செய்வதால் யாரும் பிழைப்பதில்லை. பரிசோதனையிலிருந்து சிகிச்சை வரை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு அவரை ஒப்படைத்துக்கொண்டே போனால்தான் பிழைப்பார். கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், சித்த மருத்துவர், மருந்துக்கடைக்காரர், மகளிர் குழுத் தலைவி, மருத்துவக் கல்லூரி மகப்பேறு பிரிவு என்று ஆறு பேர் ஒரே பதிவேட்டை வைத்து வேலை செய்வது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

எதைத் தடுக்கிறோம்

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது எச்.பி.வி. என்ற வைரஸ். அதில் பல வகை உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் நூற்றுக்கு எழுபது புற்றுநோய்க்குக் காரணம். உடலுறவு வழியாகப் பரவும் இந்த வைரஸ் பெரும்பாலானோருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால் கருப்பைவாய்த் தோலை மெல்ல மாற்றி, 15 முதல் 20 வருடத்தில் புற்றாக்கும். எச்.ஐ.வி. தொற்று சிகிச்சையின்றி இருப்பவர்களுக்கு 5 முதல் 10 வருடமே போதும்.

இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. முப்பது வயதுக்கு மேல் ஒருமுறை பார்த்து, மாறிய தோலை அகற்றிவிட்டாலே நோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி அம்பிளிக்கை சமுதாய நல மையத்தை நடுவாக வைத்து நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, மாறிய தோல் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறதா என்று ஒரே ஒருமுறை பார்த்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான அந்த முடிவை உலகமே எடுத்துப் பேசியது. தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடியாகத் தொடங்கிய அரசுத் திட்டம் பிறகு மாநிலம் முழுக்க வந்தது. ஆகவே கருவியோ அறிவோ நமக்குப் புதிதல்ல. ஓட்டை இருப்பது ஒப்படைப்பில்தான்.

முதல் படி: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

முகாம் தேதி குறிப்பதற்கு முன் சிகிச்சை தேதியைக் குறியுங்கள். இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பாதி முகாம்கள் வீணாகின்றன.

கணக்கு எளிது. 2,000 பேர் உள்ள ஊரில் 30 முதல் 65 வயதுப் பெண்கள் 400, 450 பேர் இருப்பார்கள். முதல் சுற்றில் பாதிப் பேர் வந்தால் 200. அசிட்டிக் அமிலப் பரிசோதனையான வி.ஐ.ஏ.வில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வெள்ளைத் திட்டு தெரியும். திண்டுக்கல்லிலும் அந்த அளவுதான் வந்தது. அப்படியானால் இருபது பேருக்கு கால்போஸ்கோப்பி, அதாவது கருப்பைவாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை வேண்டும். அந்த இருபது இடத்தை எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எந்த டாக்டர் தருவார் என்று எழுத்தில் வாங்கிய பிறகே ஊருக்குள் தண்டோரா போடுங்கள்.

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் பக்கம் சிவகங்கை மாவட்டம். அங்கிருந்து காரைக்குடி அரசு மருத்துவமனை, சிவகங்கை மருத்துவக் கல்லூரி, அப்புறம் மதுரை என்று போக வேண்டும். திருமயம், பொன்னமராவதி பக்கத்துக்குப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி, அதற்கு மேல் தஞ்சாவூர் அல்லது திருச்சி. எல்லையோர ஊர்க்காரர்களுக்கு பஸ் ஒரு பக்கம் போகும், பரிந்துரைச் சீட்டு மறுபக்கம் போகும். அவர் எந்தப் பஸ்ஸில் சந்தைக்குப் போவார் என்று கேட்டு, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே எழுதுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் டவுன் பஸ் போகும் இடம் என்றால் வருவார்கள்.

இரண்டாம் படி: நாளும் இடமும்

ஒரு நர்ஸ் ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கக்கூடியது 25 பேர். ஒருவருக்கு பத்து, பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் வரிசை நீண்டால் அமிலம் தடவிய பின் காத்திருக்க வேண்டிய ஒரு நிமிடத்தைத்தான் முதலில் திருடுவார்கள். ஒரே நாள் திருவிழாவாக வேண்டாம். 200 பேருக்கு எட்டுச் சின்ன நாட்கள் போடுங்கள்.

மாசி, பங்குனியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய ஊரில் எந்தப் பெண்ணும் இந்தப் பரிசோதனைக்கு வரமாட்டார். விரதம், தீட்டு, சுத்தம் என்று மனம் ஒப்பாது. தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு, அதை ஒட்டிய உறவினர் வருகை, கல்யாண முகூர்த்த மாதங்கள், நடவும் அறுப்பும் நடக்கிற வாரங்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை பணித்தளப் பொறுப்பாளரிடம் பேசி நாளுக்குப் பன்னிரண்டு பேராகப் பிரித்து அழையுங்கள். ஆத்தங்குடி கல் பட்டறைகளில் எத்தனை கல் போட்டோமோ அத்தனைக்குத்தான் கூலி என்பதால் அவர்கள் அரைநாளைக் கூட இழக்க யோசிப்பார்கள். பட்டறைக்குப் பக்கத்திலேயே காலை ஏழரைக்குத் தொடங்குவது அவர்களுக்குச் சரிப்படும்.

இடம் கொடுக்க ஆட்கள் முன்வருவார்கள். "எங்க வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கு, நடத்திக்குங்க" என்று பெரிய வீட்டுச் சாவி கைக்கு வரும். முகப்பும் பட்டாலை என்ற முன்கூடமும் பார்க்க அழகு. ஆனால் பரிசோதனைக்கு அது உதவாது, நாலு பக்கமும் திறந்து கிடக்கும். வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி இருக்கும் சின்ன அறைகளைக் கேளுங்கள். கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. வெளிச்சம்தான் இருக்காது. அதற்கு வெள்ளை ஒளி தரும் நல்ல எல்.இ.டி. விளக்கும் சார்ஜ் செய்த ஒரு டார்ச்சும் எடுத்துப் போங்கள். மஞ்சள் பல்பு வேண்டாம், அந்த ஒளியில் வெள்ளைத் திட்டு பழுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

இன்னொன்று. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. அசிட்டிக் அமிலம் சொட்டினால் பூ அரித்து வெளுத்துவிடும், அயோடின் பட்டால் கறை போகாது. தரை முழுக்க தார்ப்பாய் விரியுங்கள். ஒரு வீட்டில் கல் கெட்டால் அந்த ஊரில் வேறு எந்த வீடும் கிடைக்காது.

மூன்றாம் படி: சாமான்கள்

25 பேருக்கு 30 ஸ்பெக்குலம் (உள்ளே விரித்துப் பார்க்க உதவும் கருவி): நடுத்தர அளவு 22, சிறியது 4, பெரியது 4. ஒன்றைக் கழுவி அடுத்தவருக்கு அங்கேயே பயன்படுத்துவது கூடவே கூடாது. கையுறை 35 ஜோடி, ஆளுக்கு ஐந்து பஞ்சு உருண்டை, நீள இடுக்கி, மறைப்புத் துணி, இரண்டு வாளி.

அமிலக் கரைசல் 5 சதவீதம். 285 மில்லி வடிநீரில் 15 மில்லி க்ளேசியல் (தண்ணீர் கலக்காத அடர்) அசிட்டிக் அமிலம் கலந்தால் 300 மில்லி. 25 பேருக்கு அது போதும். முதலில் தண்ணீர், அப்புறம் அமிலம். கலக்குபவர் ஒருவர், அளவைச் சரிபார்ப்பவர் இன்னொருவர். பாட்டிலில் "5% கலந்தது" என்று தேதியோடு ஒட்டுங்கள். கலக்காத அமிலம் உள்ளே பட்டால் சதை வெந்துபோகும். இது கற்பனைப் பயம் அல்ல, ஒரே மாதிரி பாட்டில் இரண்டு இருக்கும் இடத்தில் நடக்கக்கூடியதுதான். அடர் அமிலம் பரிசோதனை அறைக்குள்ளேயே வரக்கூடாது. அன்று கலந்தது அன்றோடு சரி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கடை வினிகர் எத்தனை சதவீதம் என்று உறுதியில்லாததால் அது வேண்டாம்.

பயன்படுத்திய ஸ்பெக்குலத்தை 0.5 சதவீத குளோரின் நீரில் பத்து நிமிடம் முழுக்க மூழ்க வைக்க வேண்டும். 30 சதவீத குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம். ஈரம் பட்டுக் கட்டிதட்டிய பவுடரில் சத்து இருக்காது. பத்து நிமிடத்துக்கு மேல் ஊறினால் கருவி துருப்பிடிக்கும். கழுவித் துடைத்து, துணியில் சுற்றி 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம் ஆட்டோக்ளேவ் என்ற நீராவிக் கலத்தில் வைக்க வேண்டும். பஞ்சு மஞ்சள் பையில், கையுறை சிவப்புப் பையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே திரும்ப வேண்டும். ஊருணிக் கரையில் குழிதோண்டிப் புதைப்பதோ எரிப்பதோ கூடாது, அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடிக்கிறது.

நான்காம் படி: யாரை, எப்படி அழைப்பது

30 முதல் 65 வயது வரை, ஒருமுறையாவது உடலுறவு இருந்த எல்லாரும். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். கர்ப்பிணிகளையும் பிரசவமாகி 12 வாரம் ஆகாதவர்களையும் பிறகு பார்க்கலாம். வேறு காரணத்துக்காகக் கருப்பையோடு கருப்பைவாயையும் முழுதாக எடுத்துவிட்டவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் ஏன் எடுத்தார்கள், முழுதும் எடுத்தார்களா என்ற காகிதத்தைப் பார்த்த பின்பே விடுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களை 25 வயதிலிருந்தே, அடிக்கடி பார்க்க வேண்டும்.

தப்பிப் போகிறவர்கள் ஐம்பது தாண்டியவர்கள்தான். "எனக்குத்தான் எல்லாம் நின்னு போச்சே, அவரும் போயி பத்து வருஷமாச்சு, இனிமே எனக்கு எதுக்கு?" என்பார்கள். "ஆச்சி, இந்தக் கிருமி இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். இப்பத்தான் வெளியில காட்டும்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வெளியூரில் இருக்க, வளவு வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார்களும் அங்கே சமையல் வேலை பார்க்கும் அம்மாக்களும் தாமாக வரிசைக்கு வரமாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போகிறாரே, அவர்தான் சரியான ஆள்.

ஐம்பதுக்கு மேல் கருப்பைவாயின் மாறும் பகுதி, அதாவது நாம் திட்டைத் தேடும் இடம், உள்ளே சுருங்கிப் போய்விடும் என்பதால் வி.ஐ.ஏ. அவர்களுக்கு அவ்வளவாக உதவாது. முடிந்தால் வைரஸின் மரபணுவையே தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. உலக சுகாதார நிறுவனமும் எல்லா வயதுக்கும் அதைத்தான் முதலில் வைக்கிறது. காசநோய்க்கு வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியிலேயே எச்.பி.வி. கார்ட்ரிட்ஜ் போடலாம், ஒரு மணி நேரத்தில் முடிவு வரும். மாதிரியை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. கைகழுவி, குச்சியின் நுனியைத் தொடாமல், விரலில் பாதி நீளத்துக்கு, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உள்ளே விட்டு, ஐந்து சுற்று சுற்றி, நேராகக் குழாயில் போட்டு மூடிவிட வேண்டும். கூச்சத்தால் வராதவர்கள்கூட இதற்குச் சம்மதிப்பார்கள். ஆனால் கிருமி இருந்தால் அப்புறம் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பார்ப்பது

அமிலத்தைத் தொடுவதற்கு முன்பே வெறுங்கண்ணால் நன்றாகப் பாருங்கள். காலிஃபிளவர் போல வளர்ச்சி, புண், தொட்டால் ரத்தம் என்றால் வி.ஐ.ஏ. செய்யாதீர்கள். அது பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டியது. அதே வாரம் பயாப்சிக்கு (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். வெளி உறுப்பையும் ஒரு பார்வை பாருங்கள். வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் அரிப்பு, வெள்ளைத் தடிப்பு, ஆறாத புண் இருந்தால் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பாமல் பயாப்சிக்கு எழுதுங்கள்.

கெட்ட வெள்ளைப்படுதல் நிறைய இருந்தால் முதலில் தொற்றுக்கு மருந்து, பிறகு வேறொரு நாள் பரிசோதனை. அழற்சி உள்ள கருப்பைவாய் எங்கும் வெளுத்துக் குழப்பும்.

சளியை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு, அமிலம் தோய்த்த பஞ்சைக் கருப்பைவாய் முழுதும் படியும்படி அழுத்தி வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம். இருபது விநாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாதாரண மாற்றத்தால் வரும் மங்கிய வெளுப்பு சீக்கிரம் மறைந்துவிடும். நாம் தேடும் திட்டு இரண்டு மூன்று நிமிடம் நிலைத்து நிற்கும். கெட்டியாக, ஓரம் தெளிவாக, கருப்பைவாய்த் துவாரத்தைச் சுற்றியுள்ள சிவப்பு, இளஞ்சிவப்புத் தோல் சேரும் கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தால் அது திட்டு. அந்தக் கோட்டை விட்டு விலகி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் புள்ளிகள், சளி நீர்க்கட்டி, பாலிப் என்ற சதை வளர்ச்சி இவற்றைத் திட்டாக எண்ணாதீர்கள். ஒரு நாளில் யாருக்குமே திட்டு தெரியவில்லை என்றாலும், ஐந்தில் இரண்டு பேருக்குத் தெரிகிறது என்றாலும் நர்ஸின் கண்ணை ஒருமுறை டாக்டரோடு சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை இருவரும் ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

தொற்று: "சூடு" என்று சொல்லி வருவதெல்லாம்

பெண்கள் இந்த அறைக்கு வருவது புற்றுநோயை எண்ணி அல்ல. "உடம்பு சூடு, வெள்ளைப்படுது, இடுப்பு வலிக்குது" என்றுதான் வருவார்கள். வெந்தயம், இளநீர், சித்த மருந்து எல்லாம் பார்த்துவிட்டு வருவார்கள். அதைக் கேலி செய்தால் மறுமுறை வரமாட்டார்கள். கேட்டுவிட்டு ஸ்பெக்குலத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

மாதச் சுழற்சியின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாக, வாடையில்லாமல் வருவது நோயே அல்ல. தயிர்த்திரி போல ஒட்டி, அரிப்பெடுத்தால் காளான் தொற்று. பி.எச். தாளில் அமிலத்தன்மை 4.5-க்குள் இயல்பாகவே இருக்கும். மெல்லிய சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு, பி.எச். 4.5-க்கு மேல் என்றால் பாக்டீரியாக் குழப்பம். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் வாடை தூக்கும். பச்சை மஞ்சள் நுரை என்றால் டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்று, இதற்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் அடுத்த மாதமே திரும்பும்.

பால்வினைத் தொற்றுகளைப் பார்க்கும் அரசு சுகவாழ்வு மையத்தில் நிறம் போட்ட மருந்துப் பெட்டிகள் உண்டு. பெண்ணுறுப்பு வெள்ளைப்படுதலுக்குப் பச்சை: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகனசோல் 150 மி.கி. கருப்பைவாயிலிருந்தே சீழ் வந்தால் சாம்பல்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மி.கி. அடிவயிற்று வலியும் சேர்ந்தால் மஞ்சள், அது 14 நாள் மருந்து. நாலாம் நாள் வலி விட்டதென்று நிறுத்தினால் கருக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். எதைக் கொடுப்பது என்பது டாக்டர் முடிவு. கர்ப்பிணிக்கு இந்தப் பெட்டிகளை அப்படியே கொடுக்கக் கூடாது. கணவருக்கு செக்னிடசோல் கொடுத்தால் மது தொடக்கூடாது என்று சொல்லியே கொடுங்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போவது அதே நாளில் நடக்கட்டும்.

காளான் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அந்த இடத்தில் காளான் வளர வசதியாகும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் எழுதிய டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

டெட்டால், சோப்பு, மஞ்சள் தண்ணீர் விட்டு உள்ளே கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அது அழித்துவிடுகிறது. மாதவிலக்குத் துணியை வெட்கப்பட்டு இரண்டாங்கட்டில் கதவுக்குப் பின்னால் காயப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மெல்லிய துணியை மேலே போட்டு மறைத்தாவது வெயிலில் காய வேண்டும். எதுவானாலும் நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

சித்த மருத்துவரையும் மருந்துக்கடைக்காரரையும் குழுவில் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். முதலில் பார்ப்பது அவர்களைத்தான். அவர்களோடு செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம் சின்னது. இரண்டு வாரத்தில் நிற்காத வெள்ளைப்படுதல், உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு சொட்டு ரத்தம் ஆகிய மூன்றில் எது வந்தாலும் மருந்து கொடுக்காமல் செவிலியருக்கு ஒரு போன். மூன்றாவது அடையாளம் கருப்பை உட்சுவர்ப் புற்றாகவும் இருக்கலாம். அதை வி.ஐ.ஏ. காட்டாது, ஸ்கேனும் பயாப்சியும் வேண்டும். ஸ்டீராய்டு கலந்த அரிப்புக் களிம்பைச் சீட்டில்லாமல் கொடுப்பதையும் கடைக்காரர் நிறுத்த வேண்டும்.

வெள்ளைப்படுதலுக்காக "கர்ப்பப்பையை எடுத்துரலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். கருப்பைவாயைப் பரிசோதிக்காமல் சாதாரண முறையில் கருப்பையை எடுத்து, உள்ளே புற்று மறைந்திருந்தால், பிறகு சரியான சிகிச்சையே சிக்கலாகிவிடும்.

ஆறாம் படி: சொல்வது

"பாசிட்டிவ்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான், எச்.ஐ.வி. வரிசையில் நிற்பவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் போய்விடும். தனியறையில், உட்கார வைத்து, இப்படிச் சொல்லலாம்: "அக்கா, கர்ப்பப்பை வாயில ஒரு வெள்ளைத் திட்டு தெரியுது. இது புத்து இல்ல. அப்படியே விட்டா பல வருஷம் கழிச்சு அப்படி மாறலாம். இப்பவே பெரிய டாக்டர் பார்த்து எடுத்துட்டா முடிஞ்சது. வர்ற வியாழக்கிழமை நான் கூட வர்றேன்."

கணவன் மேல் சந்தேகம் கிளம்பும், கணவனுக்கும் இவர் மேல் கிளம்பும். கிருமி எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, கல்யாணமான புதிதிலேயே வந்திருக்கலாம் என்று கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

போன் நம்பர் வாங்கும்போது மூன்று கேள்வி. இந்த போன் யார் கையில் இருக்கும்? எந்த நேரம் பேசலாம்? வேறு யாராவது எடுத்தால் யார் பேசுவதாகச் சொல்ல வேண்டும்? பதிவேட்டில் கணவர் நம்பர் மட்டும் இருப்பதால் அறுந்துபோகும் தொடர்புகள் ஏராளம்.

ஏழாம் படி: சிகிச்சை

திட்டு முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, துவாரத்துக்குள் நுழையாமல், கருப்பைவாய்ப் பரப்பில் முக்காலுக்குள் அடங்கி, புற்றென்ற சந்தேகமும் இல்லாவிட்டால் வெப்பச் சிகிச்சை போதும். 100 டிகிரி சூடான முனையை 20 முதல் 30 விநாடி வைப்பார்கள். மயக்க மருந்து வேண்டாம், மாதவிலக்கு வலி போல லேசாக இருக்கும். குளிர்ச் சிகிச்சை என்றால் மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். அதற்கு வாயு சிலிண்டர் வேண்டும், அது தீர்ந்துபோய்க் கிடப்பதுதான் வழக்கமான கதை. முன்தினமே போன் செய்து கேட்டுவிடுங்கள். பெரிய திட்டு, உள்ளே நுழைந்த திட்டு என்றால் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள்.

நாலு வாரம் தண்ணீராக ஒழுகும், அது இயல்பு. நாலு வாரம் உடலுறவு வேண்டாம். இதைப் பெண்ணிடம் மட்டும் சொன்னால் பயனில்லை, சம்மதம் இருந்தால் கணவரிடம் டாக்டரே சொல்ல வேண்டும். காய்ச்சல், கெட்ட வாடை, கட்டிகட்டியாக ரத்தம், தாங்காத வயிற்றுவலி என்றால் அன்றே வர வேண்டும்.

புற்று என்று உறுதியானவர்களுக்கு மதுரை பாலரெங்காபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் பக்கம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். நல்ல இடம்தான், ஆனால் தூரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். வெளிக் கதிர்வீச்சு வாரம் ஐந்து நாளாக ஏறத்தாழ 25 தவணை, கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, கடைசியில் உள்கதிர்வீச்சு. இவை அனைத்தும் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நடுவில் ஊர்த் திருவிழாவுக்கென்று இரண்டு வாரம் விட்டால் குணமாகும் வாய்ப்பு குறையும். அதனால் முதல் நாளே கேட்க வேண்டியவை: ஆறேழு வாரம் எங்கே தங்குவார், கூட யார், வீட்டில் மாட்டை யார் பார்ப்பார். மகளிர் குழு கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே அதை வாங்கிவிடுங்கள்.

தடுப்பூசி, சுருக்கமாக

9 முதல் 14 வயதுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, 15-க்கு மேல் மூன்று என்பது வழக்கமான முறை. 20 வயது வரை ஒரே ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு எப்போது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்தால் வீண். போட்டபின் 15 நிமிடம் உட்கார வையுங்கள், சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் மயங்கி விழுவதுண்டு. "இது கர்ப்பம் தரிக்காம இருக்கப் போடுற ஊசியா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பெற்றோர் கூட்டத்தில் நீங்களே முதலில் அதை எடுத்துப் பேசிவிடுங்கள். ஊசி போட்ட பிள்ளையும் முப்பது வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும்.

பதிவேடு

பெயர், வயது, எப்படித் தொடர்புகொள்வது, பரிசோதனை நாள், என்ன தெரிந்தது, எங்கே எப்போது அனுப்பியது, போனாரா, என்ன செய்தார்கள், அடுத்து எப்போது. ஒன்பது பத்திகள். ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். நோட்டு பூட்டிய பீரோவில் இருக்க வேண்டும், குழுவின் வாட்ஸப்பில் பெயர் போடக்கூடாது.

திட்டு தெரிந்தவர் 14 நாளில் போகவில்லை என்றால் போன், 21-ஆம் நாள் வீட்டுக்கு. மாத்திரை கொடுக்கும் தன்னார்வலரே போனால் பக்கத்து வீட்டுக்குச் சந்தேகம் வராது. 30 நாள் தாண்டினால் டாக்டரே பேச வேண்டும். மாதம் ஒருநாள் அரை மணி நேரம் ஆறு பேரும் உட்கார்ந்து முடியாத வரிகளை மட்டும் படியுங்கள். மேலே அனுப்பும் அறிக்கையில் எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதற்கு முன்னால், திட்டு தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்று எழுதுங்கள். இருபதில் பதினெட்டுக்குக் குறைந்தால் அடுத்த ஊருக்குப் போகாதீர்கள், இந்த ஊரை முடியுங்கள்.

சிகிச்சை எடுத்தவருக்கு 12 மாதம் கழித்து ஒரு பரிசோதனை. வி.ஐ.ஏ.வில் ஒன்றும் இல்லை என்றவருக்கு நம் நாட்டு வழிமுறைப்படி 5 வருடம் கழித்து. அந்தத் தேதியை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் தொலைந்துபோகும். பிரஷர் மாத்திரை நோட்டின் அட்டை உள்பக்கத்தில், தமிழ் மாதம் போட்டு எழுதுங்கள்: "2031, வைகாசி". தன்னார்வலர் மாதாமாதம் அந்த நோட்டைத் திறந்துதான் மாத்திரை கொடுக்கிறார்.